கரண்டியும் மெழுகுவத்தியும்

நுழையும்முன்

நோயைத் தீர்த்தவரை உலகம் போற்றுகிறது. தீர்க்க இயலாத நோயின் அருகில் பல்லாண்டு அமர்ந்து, அதன் இயல்பை அறிந்து, அவ்வறிவை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்துச் சென்றவரை எளிதில் மறந்துவிடுகிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் இன்று டயாலிசிஸ் என்னும் குருதிச் சுத்திகரிப்பால் உயிர்வாழ்கின்றனர். அம்மருத்துவத்துக்குத் தேவையான அடிப்படை அறிவைத் திரட்டித் தந்த ரிச்சர்டு பிரைட்டின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வீங்கிய கால்களோடு வந்தவர்கள்

1820களில் இலண்டன் மாநகரில், தேம்ஸ் ஆற்றின் தென்புறம் அமைந்திருந்த கைஸ் மருத்துவமனைக்கு ஒருவகை நோயாளர்கள் அடிக்கடி வந்தனர். காலையில் கண்விழிக்கும்போது அவர்களின் முகம் ஊதியிருக்கும், இமைகள் தடித்திருக்கும். நாள்கள் செல்லச்செல்லக் கால்கள் வீங்கும். விரலால் அழுத்தினால் குழி விழும். அக்குழி நெடுநேரம் மறையாது. பின்னர் வயிற்றிலும் மார்பிலும் நீர் சேரும், மூச்சுத் திணறும். சிலருக்குப் பார்வை மங்கும். சிலருக்கு வலிப்பு வரும். இறுதியில் நினைவிழந்து இறந்துபோவர். அவர்களுள் பெரும்பாலோர் நாள்தோறும் உழைத்தால்தான் உண்ண முடியும் என்ற நிலையில் வாழ்ந்த ஏழை மக்கள்.

அக்கால மருத்துவர் பலர் உடலில் நீர் கோத்து வீங்குவதையே தனி நோயாகக் கருதினர். வீக்கம் வற்றினால் நோய் தணிந்தது என்றும், மீண்டும் வந்தால் நோய் திரும்பிவிட்டது என்றும் கொண்டனர். அந்த நீர் ஏன் சேர்கிறது, உடலின் எந்த உறுப்பு தன் கடமையில் தவறியது என்னும் வினாக்களை எழுப்பியவர்கள் மிகச் சிலரே.

அம்மருத்துவமனையின் மருத்துவர் ஒருவர், வீக்கத்தோடு வரும் நோயாளரின் சிறுநீரைச் சிறிதளவு ஒரு கரண்டியில் எடுப்பார். மெழுகுவத்தியின் சுடருக்கு மேலே அதனைப் பிடித்துச் சூடாக்குவார். அவர்களுள் பலரது சிறுநீர் சூடேறியதும், வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு போல வெண்மையாகத் திரியும். குருதியில் இருக்கவேண்டிய ஆல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் ஒழுகி வெளியேறுகிறது என்பதற்கு அத்திரிவே சான்று. கரண்டியும் மெழுகுவத்தியும் எந்த ஏழையின் வீட்டிலும் இருப்பவை. அவற்றைக் கொண்டு மனித உடலின் உள்ளே நிகழ்வதைக் கண்டறிந்த அம்மருத்துவரே ரிச்சர்டு பிரைட்.

இளமையும் பயணமும்

ரிச்சர்டு பிரைட் 1789ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் இங்கிலாந்தின் துறைமுக நகரமான பிரிஸ்டலில் பிறந்தார். தந்தை செல்வம் மிக்க வணிகர். வங்கித் தொழிலும் நடத்தியவர். அறிவியலில் ஈடுபாடு கொண்ட குடும்பச் சூழல், இளமையிலேயே பிரைட்டின் உள்ளத்தில் இயற்கையை உற்றுநோக்கும் ஆர்வத்தை விதைத்தது.

1808ஆம் ஆண்டு எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தத்துவம், கணிதம் முதலியவற்றைக் கற்ற பின்னர் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார். படிப்பு முடியும் முன்னரே, 1810ஆம் ஆண்டு, சர் ஜார்ஜ் மெக்கன்சி தலைமையில் ஐஸ்லாந்துத் தீவுக்குச் சென்ற ஆய்வுக் குழுவில் இடம்பெற்றார். எரிமலையும் பனியும் அருகருகே இருக்கும் அந்நிலத்தின் செடிகொடிகளையும் விலங்குகளையும் குறிப்பெடுத்தார். அப்பயணத்தைப் பற்றி மெக்கன்சி வெளியிட்ட நூலில் அக்குறிப்புகளும் இடம்பெற்றன.

நாடு திரும்பியதும் கைஸ் மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். நோயால் இறந்தவரின் உடலைத் திறந்து, உறுப்புகளில் நேர்ந்துள்ள மாற்றங்களைக் கண்டறியும் முறையை அங்கே கற்றார். கண்டதைக் கண்டவாறே வரையும் ஓவியத் திறனும் அவரிடம் இருந்தது. 1813ஆம் ஆண்டு எடின்பரோவில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

அடுத்த ஆண்டு ஐரோப்பாவின் பிற நாடுகளை நோக்கிப் புறப்பட்டார். நெப்போலியனுக்குப் பிந்தைய ஐரோப்பாவின் எல்லைகளை வகுக்க அரசர்களும் அமைச்சர்களும் கூடிய வியன்னா மாநாடு நடந்துகொண்டிருந்த காலம் அது. வியன்னாவில் தங்கிய பிரைட், அங்கிருந்து அங்கேரி நாட்டின் சிற்றூர்கள் வழியாகப் பயணம் செய்தார். உழவர்களின் வாழ்க்கை, நாடோடி மக்களின் மொழி, நிலத்தின் இயல்பு என அனைத்தையும் எழுதினார், படங்களும் வரைந்தார். 1818ஆம் ஆண்டு அவை நூலாக வெளிவந்தன. நாடு திரும்பும் வழியில் 1815ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரை அடைந்தபோது, வாட்டர்லூ போர் முடிந்து சில நாள்களே ஆகியிருந்தன. காயமுற்ற வீரர்களால் நிரம்பிய மருத்துவமனைகளை அவர் நேரில் பார்த்தார்.

பின்னர் இலண்டனில் காய்ச்சல் நோயாளருக்கான மருத்துவமனையில் பணியாற்றியபோது, அந்தத் தொற்று அவரையே பற்றியது. இறப்பின் விளிம்புவரை சென்று மீண்டார். நோயுற்றவர் படும் துன்பத்தைத் தம் உடலிலேயே அறிந்த பின்னர்தான் தம் வாழ்நாள் பணியிடத்துக்கு வந்து சேர்ந்தார்.

தீராத நோயாளருக்கான இல்லம்

கைஸ் மருத்துவமனை தோன்றிய வரலாறு குறிப்பிடத்தக்கது. தாமஸ் கை என்னும் புத்தக வணிகர் தாம் ஈட்டிய பெரும்பொருளைக் கொண்டு 1721ஆம் ஆண்டு அதனை நிறுவினார். இனிக் குணமாகாது என்று மற்ற மருத்துவமனையிலிருந்து அனுப்பப்பட்டவர்களுக்கு இடம் தருவதே அவருடைய முதல் நோக்கம். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின், தீராத நோய் ஒன்றின் வேரைத் தேடும் பணி அந்த மருத்துவமனையிலேயே தொடங்கியது.

பிரைட் 1820ஆம் ஆண்டு அங்கே துணை மருத்துவரானார். 1824ஆம் ஆண்டு முழுநிலை மருத்துவரானார். தாமஸ் அடிசன், தாமஸ் ஹாட்ஜ்கின் ஆகியோர் அவருடன் பணியாற்றினர். இம்மூவரின் பெயர்களும் அவரவர் கண்டறிந்த நோய்களின் பெயர்களாக மருத்துவ நூல்களில் நிலைத்துவிட்டன.

அவருடைய இல்வாழ்வில் துயரமும் நேர்ந்தது. 1822ஆம் ஆண்டு மார்த்தா என்பவரை மணந்தார். மறு ஆண்டிலேயே, மகன் பிறந்ததை அடுத்து மார்த்தா மறைந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் எலிசா என்பவரை மணந்துகொண்டார். நாளின் பெரும்பொழுதை நோயாளர்களின் படுக்கையருகிலும் பிணக்கூறாய்வு அறையிலும் செலவிடும் வழக்கம் மட்டும் எந்நாளும் மாறவில்லை.

மூன்று செய்திகளை இணைத்த கண்

சிறுநீரில் ஆல்புமின் வெளியேறுவதை முதலில் கண்டவர் பிரைட் அல்லர். இத்தாலிய மருத்துவர் கொத்துன்யோ முதலிய சிலர் அவருக்கு முன்பே அதனைக் குறிப்பிட்டிருந்தனர். உடல் வீங்குவதை எல்லா மருத்துவரும் கண்டிருந்தனர். இறந்தவர் உடலில் சிறுநீரகம் சுருங்கியும் கடினப்பட்டும் இருந்ததையும் சிலர் பார்த்திருந்தனர். ஆனால் இம்மூன்றும் தனித்தனிச் செய்திகளாகவே கிடந்தன.

பிரைட் ஒவ்வொரு நோயாளரையும் தொடர்ந்து கவனித்தார். வந்த நாளில் முகம் எவ்வாறிருந்தது, சிறுநீர் எவ்வளவு வெளியேறியது, சுடரில் காட்டியபோது எவ்வளவு திரிந்தது, எந்த மருந்துக்குப் பின் என்ன மாறியது என்பனவற்றை எழுதிவைத்தார். நோயாளர் இறந்துவிட்டால் அவரது உடலைத் திறந்து சிறுநீரகத்தைப் பார்த்தார். சிலரது சிறுநீரகத்தின் மேற்பரப்பு சொரசொரப்பாக மணிமணியாக இருந்தது. சிலருடையது வெளிறிப்போயிருந்தது. வேறு சிலருடையது இயல்பான அளவைவிடச் சிறுத்துக் கெட்டிப்பட்டிருந்தது. படுக்கையருகில் எழுதிய குறிப்பையும் கூறாய்வு மேசையில் எழுதிய குறிப்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நோக்கியபோது, உண்மை புலப்பட்டது. உடல் வீங்கி, சிறுநீரில் ஆல்புமினும் வெளியேறியவர்களிடம் சிறுநீரகம் பழுதுபட்டிருந்தது.

1827ஆம் ஆண்டு இம்முடிவுகளை வண்ணப் படங்களுடன் கூடிய பெருநூலாக வெளியிட்டார். நோயாளரின் வரலாறும், அவர் இறந்தபின் கண்ட சிறுநீரகத்தின் படமும் அந்நூலில் அடுத்தடுத்து இடம்பெற்றன. அதனால் உலகின் எப்பகுதியில் இருக்கும் மருத்துவரும் தம் நோயாளரோடு அவற்றை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

அவர் தனித்து உழைத்தவர் அல்லர். வேதியியல் அறிஞர் ஜான் பாஸ்டாக் நோயாளர்களின் குருதியையும் சிறுநீரையும் பகுத்தாய்ந்து உதவினார். சிறுநீரில் ஆல்புமின் மிகுந்தவர்களின் குருதியில் அது குறைந்திருந்தது. சிறுநீரோடு வெளியேற வேண்டிய யூரியா என்னும் கழிவுப்பொருள் குருதியிலேயே தேங்குவதும் அக்காலத்து ஆய்வுகளால் வெளிப்பட்டது. உடலுக்கு வேண்டியது வெளியே ஒழுகுகிறது. வேண்டாதது உள்ளே தங்குகிறது. சிறுநீரக நோயின் அடிப்படை இதுதான். டயாலிசிஸ் கருவியைப் பிற்காலத்தில் படைத்தவர்களின் நோக்கம், உள்ளே தங்கும் அக்கழிவை வெளியேற்றுவதாகவே இருந்தது.

1836ஆம் ஆண்டு, சிறுநீரில் ஆல்புமின் வெளியேறிய 100 நோயாளர்களின் உடலில் கண்ட மாற்றங்களை அட்டவணைப்படுத்தி வெளியிட்டார். அவர்களுள் பலருக்கு இதயம் பெருத்திருந்ததை அந்த அட்டவணை காட்டியது. குருதி அழுத்தத்தை அளக்கும் கருவி அக்காலத்தில் இல்லை. ஆயினும் மாறுபட்ட குருதியைச் சிறு குழாய்கள் வழியே செலுத்த இதயம் மிகுதியாக உழைக்க நேர்ந்திருக்கலாம் என அவர் கருதினார். சிறுநீரக நோயும் உயர் குருதி அழுத்தமும் ஒன்றையொன்று வளர்ப்பவை என்று இன்றைய மருத்துவம் கூறும் கருத்தின் முதல் கீற்று அது.

42 படுக்கைகள்

ஒரே நோயுடையவர்கள் மருத்துவமனையின் வெவ்வேறு கூடங்களில் சிதறிக் கிடந்தால் அந்நோயை முறையாக ஆராய இயலாது என்பதைப் பிரைட் உணர்ந்தார். 1842ஆம் ஆண்டு கைஸ் மருத்துவமனை, சிறுநீரக நோயாளர்களுக்கென்றே இரண்டு கூடங்களை ஆறு மாத காலத்துக்கு ஒதுக்கியது. ஒன்று ஆண்களுக்கு, மற்றொன்று பெண்களுக்கு. இரண்டிலும் சேர்த்து 42 படுக்கைகள் இருந்தன. மருத்துவர்கள் கலந்து பேசவும், குருதியையும் சிறுநீரையும் ஆய்வு செய்யவும் அவற்றுக்கு அருகிலேயே இடம் அமைக்கப்பட்டது. இளம் மருத்துவர்களும் வேதியியல் அறிந்தவர்களும் அங்கே அவரோடு இணைந்து பணியாற்றினர். ஒரு நோயை ஆராய்வதற்கென்றே நோயாளர் கூடமும் ஆய்வகமும் இணைந்து அமைந்த முன்னோடி முயற்சி அது. இன்று பெரிய மருத்துவமனைகளில் சிறுநீரகவியலுக்கெனத் தனித்துறை இருப்பதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். அதன் முதல் வடிவம் அந்த 42 படுக்கைகளே.

கைக்கு எட்டாத மருந்து

நோய் இன்னது என்று அறிதல், அது தோன்றிய காரணத்தை அறிதல், அதனைத் தணிக்கும் வழியை அறிதல், அவ்வழியைப் பிழையின்றிச் செய்து முடித்தல் என மருத்துவரின் கடமையைத் திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் வரிசைப்படுத்துகிறார். பிரைட் முதற்படியைக் கடந்தார். இரண்டாம் படியில் நெடுந்தொலைவு சென்றார். மூன்றாம் படி அவருக்கு வாய்க்கவில்லை.

அவர் கையிலிருந்த மருத்துவ முறைகள் அக்காலத்துக்கு உரியவை. குருதியை வடித்தல், பேதிமருந்து கொடுத்தல், வெந்நீர்க் குளியலால் வியர்க்கச் செய்தல், உணவைக் கட்டுப்படுத்தல் ஆகியவற்றையே அவரும் கையாண்டார். சிலருக்கு வீக்கம் தணிந்தது. சில நாள்கள் நலமாக இருந்தனர். ஆனால் சிறுநீரகம் முற்றிலும் பழுதானவர்களை அவரால் காக்க முடியவில்லை. குருதி வடித்தலால் பயனில்லை என்பதோடு, அது பலரை மேலும் நலிவுறச் செய்யும் என்பதையும் பிற்கால மருத்துவமே தெளிவாக்கியது.

இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். சுடரில் காட்டிய கரண்டியில் வெண்மை படரும்போது, எதிரே இருப்பவரின் எதிர்காலம் அம்மருத்துவருக்குத் தெரிந்துவிடும். அதை மாற்றும் ஆற்றல் மட்டும் அவரிடம் இல்லை. இத்தகைய நிலையில் இருப்பவர் வேறு நோய்களின் பக்கம் திரும்பியிருக்கலாம். புகழும் செல்வமும் தரும் மருத்துவத்தில் மட்டும் ஈடுபட்டிருக்கலாம். இலண்டனில் பெயர்பெற்ற மருத்துவராகத் திகழ்ந்த அவரை, 1837ஆம் ஆண்டு விக்டோரியா அரசியின் சிறப்பு மருத்துவர்களுள் ஒருவராக அமர்த்தினர். அதன் பின்னும், காக்க முடியாத ஏழை நோயாளர்களைப் பற்றிய குறிப்புகளை அவர் தொடர்ந்து எழுதினார். தெளிவாகத் தெரிந்ததை மட்டும் தெரிந்தது என்றார். தெரியாததைப் பின்வருவோரின் ஆய்வுக்கு விட்டுவைத்தார்.

அவர் 1858ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் இதய நோயால் காலமானார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் நாட்பட்ட சிறுநீரக நோய்கள் ‘பிரைட் நோய்’ என்றே அழைக்கப்பட்டன. அது ஒரே நோயன்று, பல நோய்களின் தொகுதி என்பது நுண்ணோக்கியின் துணையால் பின்னர் விளங்கியபோது அப்பெயர் மெல்ல வழக்கொழிந்தது. சிறுநீரகவியலின் தந்தை என்ற சிறப்பு மட்டும் அவருக்கே உரியதாக நிலைத்துவிட்டது.

பிறர் ஏறிய படிகள்

பிரைட் மறைந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1861ஆம் ஆண்டு, வேதியியல் அறிஞர் தாமஸ் கிரகாம் ஓர் உண்மையை வெளியிட்டார். நுண்ணிய துளைகளைக் கொண்ட மெல்லிய தாளின் வழியே சிறு மூலக்கூறுகள் கடந்து செல்லும். பெரிய மூலக்கூறுகள் தங்கிவிடும். இம்முறைக்கு அவர் சூட்டிய பெயரே டயாலிசிஸ். யூரியா சிறியது, ஆல்புமின் பெரியது. ஆகவே கழிவை வெளியேற்றி, புரதத்தைக் காக்கும் வழி இதனுள் மறைந்திருந்தது.

அவ்வழியை மனிதருக்குப் பயன்படும் கருவியாக்க மேலும் பல்லாண்டுகள் ஆயின. இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மானியப் படை கைப்பற்றியிருந்த நெதர்லாந்தின் காம்பன் நகரில், வில்லெம் கோல்ஃப் என்னும் இளம் மருத்துவர் 1943ஆம் ஆண்டு செயற்கைச் சிறுநீரகத்தை அமைத்தார். இறைச்சித் துண்டங்களை அடைக்கப் பயன்பட்ட செலோஃபேன் குழாயை உருளை ஒன்றில் சுற்றி, நோயாளரின் குருதியை அதன் வழியே ஓடவிட்டார். முதலில் சிகிச்சை பெற்றவர்களுள் ஏறத்தாழ அனைவரும் இறந்தனர். 1945ஆம் ஆண்டு 67 வயதுப் பெண் ஒருவர் நினைவிழந்த நிலையிலிருந்து கண்விழித்தார். அவர் மேலும் சில ஆண்டுகள் உயிர்வாழ்ந்தார்.

அக்கருவி, சிறிது காலத்தில் சிறுநீரகம் தானே மீளக்கூடியவர்களுக்கே பயன்பட்டது. ஒவ்வொரு முறையும் குருதிக் குழாயைப் புதிதாகத் திறக்கவேண்டியிருந்ததால், நிரந்தரமாகச் செயலிழந்தவர்களுக்கு வழியில்லாதிருந்தது. 1960ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர், கையிலேயே நிலையாகப் பொருத்தத்தக்க குழாய் இணைப்பை உருவாக்கினார். அதன்பின் நாட்பட்ட சிறுநீரக நோயாளர்களும் தொடர்ந்து டயாலிசிஸ் செய்துகொண்டு ஆண்டுக்கணக்கில் வாழத் தொடங்கினர். இன்று அவர்களுள் பலர் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணிநேரம் கருவியோடு இணைந்திருக்கின்றனர். அருந்தும் நீரையும் உண்ணும் உப்பையும் அளந்துகொள்கின்றனர். எளிய வாழ்க்கை அன்று. ஆயினும் பிரைட்டின் நோயாளர்களுக்குக் கிட்டாத வாழ்க்கை.

நமக்கு எஞ்சியது

நம் சிறுநீரகங்கள் ஒவ்வொன்றும் கைப்பிடி அளவே உள்ளன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து இலட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை அவை வடிகட்டி, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. அவற்றுள் பெரும்பகுதி பழுதடையும்வரை உடல் எந்த வலியையும் காட்டாதிருக்கலாம். நீரிழிவும் உயர் குருதி அழுத்தமும் இன்று அவற்றை மிகுதியாகச் சிதைக்கும் காரணங்கள். வீக்கம் தோன்றும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் நோயின் வேகத்தைக் குறைக்க இயலும்.

ஆகையால்தான் நீரிழிவோடு மருத்துவமனைக்குச் செல்லும் முதியவரிடம் சிறு குப்பியொன்றைக் கொடுத்துச் சிறுநீர் கேட்கின்றனர். ஆய்வகப் பணியாளர் அதில் வேதிப்பொருள் தடவிய தாள்பட்டையைத் தோய்த்து, அதன் நிறம் மாறுகிறதா என்று பார்க்கிறார். மெழுகுவத்தியும் கரண்டியும் அங்கே இல்லை. ஆல்புமின் ஒழுகுகிறதா என்று அவர் தேடும் விடை மட்டும், பிரைட் அச்சுடரின் முன் நின்று தேடிய அதே விடைதான். அன்று அவ்விடையை அறிந்த மருத்துவர் செய்வதறியாது நின்றார். இன்று அதே விடை, அம்முதியவரின் சிறுநீரகத்தைப் பல்லாண்டு காப்பதற்கான முதல் எச்சரிக்கையாக அமைகிறது.